முதல் ரைஃபிள்: வாங்கியதும் உடம்புக்குப் பொருத்தியதும்

சிங்கப்பூரில் இருந்துகொண்டு வேட்டைக்குத் துப்பாக்கி வாங்க முடியாது. இங்கே வேட்டை என்பதே இல்லை. வனவிலங்குச் சட்டப்படி, தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் காட்டுப் பன்றியைக்கூடக் கொல்லவோ பிடிக்கவோ கூடாது. துப்பாக்கிச் சட்டம் அதைவிடக் கடுமை. காற்றில் இயங்கும் ரைஃபிளும் சட்டப்படி துப்பாக்கிதான், அதற்கும் உரிமம் வேண்டும்.

இருந்தும் நான் ஒரு ரைஃபிள் வாங்கியதற்குக் காரணம் வேட்டைதான். மச்சான் ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில் பண்ணைகள் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் இருக்கிறார். 1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் அந்த மாநிலத்தில்தான் வேட்டை விளையாட்டுக்காக முயல்களைக் கொண்டுவந்து விட்டார். அவை பெருகி நாடு முழுக்கப் பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் அழித்தன. இன்றும் அங்கே பண்ணைக்காரர்கள் .22 ரைஃபிளால் (0.22 அங்குலக் குழல் கொண்ட சிறு ரைஃபிள்) முயல் சுடுவது சாதாரணம். மச்சானிடமும் ஒன்று இருக்கிறது. நானும் வருகிறேன் என்றதற்கு அவர் சொன்ன பதில் இது: "முதல்ல சுடப் பழகிட்டு வாங்க மச்சான். அரைகுறையா அடிபட்ட முயல் வளைக்குள்ள போயி வலியில கிடந்து சாகும். அது எனக்கு ஒத்துவராது. அம்பது மீட்டர்ல அஞ்சு சென்டிமீட்டர் வட்டத்துக்குள்ள ஒவ்வொரு தடவையும் போடணும். அப்புறம் பேசுவோம்."

அவர் சொன்னது முழுக்க நியாயம். அந்த ஐந்து சென்டிமீட்டரை வைத்துத்தான் என் திட்டமே தொடங்கியது. 50 மீட்டரில் 5 செ.மீ. வட்டம் என்றால், அதே கோண அளவில் 10 மீட்டரில் 1 செ.மீ. வட்டம். 10 மீட்டர் காற்று ரைஃபிள் போட்டியில் குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ. தள்ளி விழுந்தால் 10.0 புள்ளி, 5 மி.மீ. தள்ளி விழுந்தால் 9.0 புள்ளி. ஆக, 10 மீட்டரில் எந்தக் குண்டும் 9.0-க்குக் கீழே போகாமல் சுட்டால் மச்சான் கேட்ட துல்லியம் கைவசம் வந்துவிட்டது என்று அர்த்தம். காற்றும் மேடு பள்ளமும் தனிப் பாடம், அதை அங்கே போய்த்தான் படிக்க வேண்டும். ஆனால் ரைஃபிளைப் பிடிப்பது, குறி பார்ப்பது, விசையை அழுத்துவது மூன்றையும் இங்கேயே, குளிரூட்டிய அறையில் கற்றுக்கொள்ளலாம்.

அதனால் ஒரு துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்தேன். விண்ணப்பம், பாதுகாப்பு வகுப்பு, உரிமம் என்று வரிசையாகப் போகும். இதில் குறுக்குவழி இல்லை, இருக்கவும் கூடாது. தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான சங்கதி: நம் காசில் வாங்கினாலும் ரைஃபிள் வீட்டுக்கு வராது. சுடுதளத்தின் ஆயுத அறையிலேயே இருக்கும். வீட்டுக் கூடத்தில் சாவகாசமாக உட்கார்ந்து திருகிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும். எல்லாத் திருத்தமும் சுடுதளத்தில், நமக்குக் கிடைக்கும் நேரத்துக்குள் நடக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தது அதனால்தான்.

எதை வாங்குவது

போட்டிக் காற்று ரைஃபிள்கள் எல்லாமே 4.5 மி.மீ. கேலிபர்தான் (குழலின் உள் விட்டம்). வேறுபாடு, காற்றை எப்படி அழுத்துகிறது என்பதில் இருக்கிறது. பழைய ஃபைன்வெர்க்பாவ் 300 போன்றவை சுருள்வில் வகை. வில் பாயும்போது வரும் உதையை வாங்கிக்கொள்ள, குழலும் இயந்திரமும் சேர்ந்து தண்டவாளம் மாதிரி ஒன்றின்மேல் பின்னோக்கி நகரும். அழகான பொறியியல், இன்றும் நன்றாகச் சுடும். அடுத்தது ஒவ்வொரு குண்டுக்கும் பக்கவாட்டு நெம்புகோலை ஒரு தடவை இழுத்துக் காற்றை அழுத்தும் வகை. ஃபைன்வெர்க்பாவ் 600, வால்டர் எல்ஜிஆர் எல்லாம் அப்படித்தான். மூன்றாவது, 200 பார் அழுத்தத்தில் காற்றை நிரப்பிய உருளையைக் குழலுக்கு அடியில் திருகிக்கொள்ளும் வகை. இப்போது போட்டிகளில் பார்ப்பவை எல்லாம் இதுதான்.

நான் உருளை வகையையே எடுத்தேன். நெம்புகோல் வகை மலிவாகக் கிடைக்கும், காற்று நிரப்பும் தொந்தரவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் நெம்புகோலை இழுக்கும்போது நின்ற நிலை கலையும், மறுபடியும் முதலிலிருந்து அமைத்துக்கொள்ள வேண்டும். புதிதாகப் பழகுபவருக்கு நிற்கும் நிலைதான் பாடமே, அதைக் கலைக்கிற கருவி வேண்டாம் என்பது என் கருத்து.

புதியது வாங்கவில்லை. விளையாட்டிலிருந்து விலகும் உறுப்பினர் ஒருவரிடமிருந்து அலுமினியக் கட்டை கொண்ட வால்டர் எல்ஜி300 ஒன்று கிடைத்தது. கட்டை என்று நான் சொல்வது ஸ்டாக்கை, அதாவது குழலைத் தாங்கித் தோளில் ஊன்றும் பகுதியை; உலோகமானாலும் பழக்கத்தில் அப்படித்தான் சொல்கிறோம். உரிம மாற்றம் முடிந்து கைக்கு வர அதற்குரிய காலம் எடுத்தது.

பழைய ரைஃபிள் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது குழலையோ கட்டையையோ அல்ல, காற்று உருளையின் மேல் பொறித்திருக்கும் தேதியை. தயாரிப்பாளர்கள் உருளைக்குப் பொதுவாகப் பத்து ஆண்டு ஆயுள் தருகிறார்கள். தேதி தாண்டிய உருளையோடு போட்டிக்குப் போக முடியாது. முக்கியமாக, 200 பார் என்பது விளையாட்டில்லை. கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல எண்பது மடங்குக்கும் மேல். எனக்குக் கிடைத்த ரைஃபிளின் உருளை ஆயுள் முடிந்தது. விற்றவர் அதை மறைக்காமல் சொல்லி விலையையும் குறைத்தார். புது உருளை ஒன்று வாங்கினேன், அது செலவில் கணிசமான பங்கு. வாங்கப் போகிறவர்கள் இதைப் பேரம் பேசும் முன்பே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து குழல் முனை. டார்ச் வெளிச்சத்தில் குழலின் வாய் விளிம்பு முழு வட்டமாகப் பளிச்சென்று இருக்கிறதா, எங்காவது கீறலோ தட்டுப்பட்ட வடுவோ இருக்கிறதா என்று பார்த்தேன். குண்டு குழலை விட்டு வெளியேறும் கடைசி இடம் அது. அங்கே ஒரு பக்கம் சிதைந்திருந்தால் காற்று ஒரு பக்கமாக முதலில் வெளியேறி குண்டைத் தள்ளிவிடும். இது சுத்தமாக இருந்தது. கழகத்திலிருந்த வேகமானியில் வைத்துச் சுட்டுப் பார்த்ததில் விநாடிக்கு 170 மீட்டரை ஒட்டி வந்தது, குண்டுக்குக் குண்டு பெரிய ஏற்ற இறக்கமும் இல்லை. அழுத்தத்தைச் சீராக்கும் வால்வு ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

காற்று நிரப்புவது பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் ஈரப்பதத்துக்கு, கம்ப்ரசரில் நீர் பிடிக்கும் வடிகட்டி அவசியம். ஈரக் காற்று உருளைக்குள் போனால் வால்வுகள் கெடும். இணைப்பில் சாதாரண எண்ணெயோ கிரீஸோ தடவவே கூடாது. அதிக அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் எண்ணெய் பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு.

குறியைக் கழற்றி வைத்தோம்

எங்கள் கழகத்தில் ஆயுதப் பராமரிப்பில் ஊறிய மூத்தவர் ஒருவர் இருக்கிறார். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாரும் அவரை அண்ணன் என்றே கூப்பிடுகிறோம். ரைஃபிள் வந்த அன்று நான் பின் குறியை, அதாவது கண்ணுக்கு அருகில் இருக்கும் குறிபார்க்கும் துளையை, திருகிச் சரிபார்க்கலாம் என்று ஆரம்பித்தபோது, "தம்பி, அதைக் கழட்டி டப்பாவுல வைங்க. உடம்புக்குப் பொருந்துற வரைக்கும் அது உங்களுக்கு வேண்டாம்" என்றார். குழல் முனையிலுள்ள முன் குறியையும் பின் குறியையும் கழற்றி வைத்தோம். வெறும் ரைஃபிளும் வெள்ளைச் சுவரும்தான்.

ரைஃபிள் வாங்குகிற எல்லாருக்கும் நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். முதலில் உடம்பு, பிறகு கட்டை, கடைசியில் குறி. குறியை முதலில் சரிசெய்தால், அது எங்கே இருக்கிறதோ அங்கே கண்ணைக் கொண்டுபோகக் கழுத்தை வளைப்போம், தோளைத் தூக்குவோம். வளைத்த கழுத்து ஒரே மாதிரி வளையாது. குண்டு ஒரே இடத்தில் விழாது.

தேசிய சேவையில் பழகிய பிடியும் இங்கே உதவாது. ராணுவத்தில் கொடுத்த சார் 21 ரைஃபிளைத் தோளில் இறுக்கி, உடம்பை முன்னே சாய்த்து, தசையால் பிடித்துச் சுடத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உதையைத் தாங்கிக்கொண்டு அடுத்த குண்டைச் சுட அது சரி. நின்றுகொண்டு சுடும் காற்று ரைஃபிளில் உதை கிட்டத்தட்ட இல்லை. எடையோ கனம், விதிப்படி 5.5 கிலோ வரை போகலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அதைத் தசையால் தாங்க முடியாது. எலும்புதான் தாங்க வேண்டும். இடது கை முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்காரும். முன்னங்கை செங்குத்தாக நிற்கும். அதன்மேல் ரைஃபிள் படுத்திருக்கும். உடம்பு லேசாகப் பின்னே சாய்ந்து, ரைஃபிளின் எடை முன்னே இழுப்பதை ஈடுகட்டும். அதாவது எடை கையிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து இடது காலுக்கும், அங்கிருந்து தரைக்கும் நேராக இறங்க வேண்டும்.

இதை எல்லாம் சுடும் மேலங்கி, காலணியோடு செய்ய வேண்டும். கெட்டித் துணியும் தோலும் சேர்ந்த அந்த மேலங்கி தோளுக்கும் தோள்தட்டுக்கும் (கட்டையின் பின்முனையில் தோளில் படும் தட்டு) நடுவில் வருவதால் நீளக் கணக்கே மாறிவிடுகிறது. சட்டையோடு அளவெடுத்துவிட்டு மேலங்கி போட்டுச் சுட்டால் அளவெடுத்தது வீண்.

நான் செய்த வரிசை இது. முதலில் தோள்தட்டின் உயரம். தலையை நேராக வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ரைஃபிளைத் தூக்கித் தோளில் வைத்தேன். அண்ணன் பக்கவாட்டில் நின்று பார்த்தார். ரைஃபிள் தாழ்வாக இருந்ததால் தலை தானாகக் கீழே குனிந்தது. தோள்தட்டைக் கீழே இறக்கினால் ரைஃபிள் மேலே ஏறும். என் கழுத்து கொஞ்சம் நீளம், கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் இறக்க வேண்டியிருந்தது. பிறகு நீளம். விசையில் விரல் வைத்தால் விரலின் முதல் கணுவின் நடுப்பகுதி விசையில் பட வேண்டும், மணிக்கட்டு மடங்கக் கூடாது. மேலங்கியின் கனத்துக்காகக் கட்டையைக் குறுக்கினேன்.

பிறகு கன்னத்தாங்கி. இதில்தான் அதிக நேரம் போனது, போகவும் வேண்டும். கன்னம் முழு எடையோடு அதன்மேல் சாய வேண்டும், அழுத்தக் கூடாது. எலும்பு எங்கே படுகிறது, சதை எங்கே படுகிறது என்று கவனித்தால் தெரியும்: கன்னத்து எலும்புக்குக் கீழே உள்ள பள்ளம் தாங்கியின் விளிம்பில் உட்கார்ந்தால், அடுத்த தடவையும் அதே இடம் கிடைக்கிறது. உயரம் சரியாகியும் பக்கவாட்டில் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் கண் குறியின் நடுவே வராது. அப்போது மட்டும் பின் குறியை மாட்டி, கண்ணை மூடி, கன்னத்தை வைத்து, கண்ணைத் திறந்து பார்த்தோம். திறந்த உடனே சின்னத் துளையின் நடுவே வெளிச்ச வட்டம் முழுமையாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் நிழல் விழுந்தால் தாங்கியைத்தான் நகர்த்த வேண்டும், தலையை அல்ல.

திருகுகள் எல்லாம் ஆலன் கீ வகை. ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் நல்ல தரமான செட் வாங்கினேன். மலிவான சாவியின் முனை உருண்டுபோய்த் திருகுத் தலையைக் கெடுத்துவிடும். அலுமினியத்தில் மரை மெல்லியது, இரண்டு விரல் பலத்துக்கு மேல் இறுக்கக் கூடாது. ஒரு நாளில் ஒரே ஒரு அளவை மாற்றுவது, எழுதி வைப்பது, அடுத்த பயிற்சியில் அதன் பலனைப் பார்ப்பது. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அப்புறம் இயல்பான நோக்குப் புள்ளி. இதை எளிதாகச் சோதிக்கலாம். இலக்கை நோக்கி நின்று, கண்ணை மூடி, இரண்டு மூன்று மூச்சு விட்டு, உடம்பைத் தளர்த்தி, கண்ணைத் திறங்கள். ரைஃபிள் எங்கே நோக்குகிறதோ அதுதான் உங்கள் உடம்பு விரும்பும் திசை. இடப்பக்கம் நோக்கினால் கையால் வலப்பக்கம் தள்ளாதீர்கள். பின்காலைச் சற்று நகர்த்தி முழு உடம்பையும் திருப்புங்கள். மேலே கீழே என்றால் இடது கை தாங்கும் இடத்தை மாற்றுங்கள். கையால் இழுத்துப் பிடித்த ரைஃபிள் விசை அழுத்தும் கணத்தில் கட்டாயம் தன் இடத்துக்கே திரும்பும்.

குண்டு

10 மீட்டர் போட்டிக்குத் தட்டைத் தலை கொண்ட ஈயக் குண்டு. காகிதத்தில் வெட்டியது போல வட்டமான துளை விழுவதற்காக அந்தத் தலை. ரைஃபிளுக்குப் பொதுவாக 0.53 கிராம் எடை. ஒரே தயாரிப்பிலேயே தலை விட்டம் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று தனித்தனி டப்பாக்கள் வரும். ஒவ்வொரு குழலும் ஒவ்வொன்றை விரும்பும், அதைச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும்.

ரைஃபிளை இடுக்கியில் மெத்தை வைத்துப் பிடித்து, ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்துக் குண்டு சுட்டு, துளைக் கூட்டத்தின் வெளி விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்தோம். குண்டே 4.5 மி.மீ. என்பதால் எல்லாக் குண்டும் ஒரே துளையில் போனால் 5 மி.மீ.-யை ஒட்டி இருக்க வேண்டும். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் இரண்டையும் பார்த்தோம். இரண்டுமே அருமை. என் குழலுக்கு 4.50 அளவு சற்று நெருக்கமாக விழுந்தது. வெளி விட்டம் 5.5 மி.மீ. என்றால் குண்டுகளின் மையம் மொத்தம் 1 மி.மீ.-க்குள் சிதறுகிறது, ரைஃபிளால் மட்டும் ஒரு புள்ளிகூடப் போகாது. அதற்கு மேல் குண்டு தேடி அலைவதில் புதியவருக்குப் பயனில்லை. மீதித் துல்லியம் முழுக்க நிற்கிற ஆளிடம் இருக்கிறது.

ஈயம் தொட்ட கையால் கோப்பி டம்ளரைத் தொடாதீர்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் மற்றதெல்லாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

இப்போது குறி

முன் குறியில் ஒரு வளையம், அதன் நடுவே இலக்கின் கறுப்பு வட்டம், இரண்டுக்கும் நடுவே வெள்ளை இடைவெளி. இந்த வெள்ளை எல்லாப் பக்கமும் ஒரே அளவாகத் தெரிவதுதான் குறி பார்ப்பது. வளையத்தின் அளவைத் தேர்வதில் கொஞ்சம் கணக்குப் போடலாம். கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. விட்டம். என் கண்ணிலிருந்து முன் குறி கிட்டத்தட்ட 90 செ.மீ. தூரம். 10 மீட்டருக்கு அப்பால் இருக்கும் 30.5 மி.மீ., 90 செ.மீ. தூரத்தில் 2.7 மி.மீ. அளவாகத் தெரியும். 3.2 மி.மீ. வளையம் போட்டால் இடைவெளி ஒவ்வொரு பக்கமும் கால் மி.மீ.தான், இலேசாக ஆடினாலும் கறுப்பு விளிம்பைத் தொடும், கண் பதறும், உடம்பு இறுகும். 4.0 போட்டால் இடைவெளி 0.65 மி.மீ. ஆட்டம் அதே ஆட்டம்தான், ஆனால் மனசு பதறுவதில்லை. எனக்கு 4.0-க்குக் கொஞ்சம் மேலேதான் நன்றாக இருந்தது. சின்ன வளையம் துல்லியம் தரும் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. புதியவர்களுக்கு அது உதவாது என்றே நினைக்கிறேன்.

சுடாத கண்ணை இறுக்கி மூடாதீர்கள், முகத்தசை முழுக்க இறுகும். விதிப்படி 30 மி.மீ. அகலம் வரை ஒரு மறைப்பு வைத்துக்கொள்ளலாம். வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை மறைப்பாக இருந்தால் இரண்டு கண்ணின் பாவையும் ஒரே அளவில் இருக்கும்.

பின் குறியின் திருகைத் திருப்பும்போது ஒவ்வொரு கிளிக்கும் குண்டு விழும் இடத்தை எவ்வளவு நகர்த்துகிறது என்பதை நானே அளந்தேன். ஒரு கூட்டம் சுட்டேன், ஒரு பக்கமாகப் பத்துக் கிளிக் திருப்பினேன், மறுபடி ஒரு கூட்டம் சுட்டேன், இரண்டின் மையங்களுக்கு நடுவிலுள்ள தூரத்தைப் பத்தால் வகுத்தேன். திசையும் அப்போதே தெரிந்துவிடும். ஒற்றைக் குண்டு தள்ளி விழுந்தது என்று கிளிக் திருப்பக் கூடாது. கூட்டத்தின் மையம் தள்ளினால் மட்டும் திருப்ப வேண்டும்.

சாய்வு

இதைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் முயல் வேட்டைக்கும் இது அப்படியே பொருந்தும். ரைஃபிளைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் குண்டு சாய்ந்த பக்கம் போகும். காரணம் இதுதான். விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் குண்டு 10 மீட்டர் போக ஏறத்தாழ 0.06 விநாடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பால் 17 மி.மீ. கீழே விழுகிறது. அதைச் சரிக்கட்ட, குழல் பார்வைக் கோட்டைவிட அந்த 17 மி.மீ. அளவு மேல்நோக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ரைஃபிளைச் சாய்த்தால் அந்த மேல்நோக்கு பக்கவாட்டு நோக்காக மாறுகிறது. 5 பாகை சாய்ந்தால் 1.5 மி.மீ. பக்கவாட்டில் போகும். புள்ளியில் 0.5. மையத்தில் விழ வேண்டிய குண்டு, அதிகபட்சமான 10.9 கிடைக்க வேண்டியது, 10.4-ஐ ஒட்டி நிற்கும்.

முன் குறியில் குமிழ் மட்டம் பொருத்திப் பழகினேன். கொஞ்சம் சாய்த்துப் பிடிப்பது சிலருடைய உடம்புக்கு இயல்பு, அதில் தப்பில்லை; தினமும் அதே சாய்வு இருக்க வேண்டும், அவ்வளவுதான். தோள்தட்டைச் சற்றே திருப்பி வைத்ததும் என் ரைஃபிள் தானாக நேராக நின்றது. மறுபடியும் பாருங்கள், குறியில் தெரிந்த குறைக்கு மருந்து கட்டையில்தான் இருந்தது.

அதே கணக்கை .22-க்குப் போட்டால் விஷயம் பெரிதாகிறது. சத்தம் குறைந்த, ஒலியின் வேகத்துக்குக் கீழே போகும் குண்டு 50 மீட்டருக்குள் 13 செ.மீ. அளவு விழுகிறது. 5 பாகை சாய்வுக்குப் பக்கவாட்டில் 1 செ.மீ.-க்கு மேல். மச்சானின் வட்டத்தில் ஆரம் இரண்டரை செ.மீ.தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

விசை

இரண்டு கட்ட விசை. முதல் கட்டம் இலேசாக வந்து நின்றுவிடும், இரண்டாம் கட்டத்தில் சுடும். போட்டிக் காற்று ரைஃபிளில் குறைந்தபட்ச எடை என்று விதி கிடையாது, 100 கிராமை ஒட்டி வைப்பார்கள். நான் அதைவிடக் கனமாகவே வைத்திருக்கிறேன். வேட்டை ரைஃபிளின் விசை பல மடங்கு கனமாக இருக்கும், குளிரில் விரல் மரத்திருக்கும். இறகு போன்ற விசைக்குப் பழகிய விரல் அங்கே திண்டாடும். காற்றும் குண்டும் இல்லாமல் விசையை மட்டும் இயக்கிப் பழகும் வசதி இந்த ரைஃபிளில் உண்டு. பயிற்சியில் பாதி அப்படித்தான் போகிறது. சுட்ட பிறகும் ரைஃபிளை இறக்காமல் இரண்டு விநாடி குறியைப் பார்த்துக்கொண்டே நிற்கப் பழகுங்கள்; மெதுவாகப் போகும் குண்டு குழலை விட்டு வெளியேறும் வரை ரைஃபிள் அசையக் கூடாது.

இப்போதைய நிலவரம்

நல்ல நாட்களில் முழுத் தொடரும் 9.0-க்கு மேலேயே நிற்கிறது. களைத்த நாட்களில் கடைசிப் பகுதியில் சில குண்டு 8-க்குள் நழுவுகிறது. பதிவைப் பார்த்தால் அவை பெரும்பாலும் வலப்பக்கம் கீழே. இடுப்பிலிருந்து முழங்கை நழுவும்போது நடப்பது அது. இடது கையின் இடத்தைக் கொஞ்சம் பின்னே தள்ளிப் பார்ப்பது அடுத்த வேலை. சரியான அளவுகள் எல்லாவற்றின் மேலும் வெள்ளை மார்க்கரால் மெல்லிய கோடு போட்டு வைத்திருக்கிறேன். திருகு தானாகத் தளர்ந்தால் கோடு பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மச்சானின் .22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் மரக்கட்டை, அதில் நகர்த்த ஒன்றும் கிடையாது. என் அளவுகளை அவருக்கு அனுப்பினேன். அவர் தம் கட்டையை டேப்பால் அளந்து படம் அனுப்பினார். நீளம் எனக்குச் சற்று அதிகம், கன்னம் வைக்கும் மேடு தாழ்வு. அதன்மேல் பொருத்தியிருக்கும் தொலைநோக்கிக்கு என் கண் எட்ட வேண்டுமென்றால் கன்னம் கட்டையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். அதனால் கெட்டி நுரை அட்டையை வெட்டி, மேட்டின் மேல் வைத்துத் துணிப் பட்டையால் சுற்றலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மேலங்கி இல்லாமல் சுடுவதால் நீளம் தானாகக் கொஞ்சம் சரியாகிவிடும். குறி 50 மீட்டருக்கு வைத்தால் கணக்குப்படி 25 மீட்டரில் ஒன்றரை செ.மீ. மேலே போகும், 75-ல் சுமார் 10 செ.மீ. கீழே விழும். ஆகவே 50-ஐத் தாண்டிச் சுடுவதில்லை என்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோம். உரிமமும் அனுமதியும் அந்த ஊர்ச் சட்டப்படி தனி வேலை. அதற்கான தாள்களை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நுரை அட்டையை நான் இங்கிருந்தே வாங்கிப் போகிறேன்.